டி.வி.யிடம் நியாயம் கேட்பவர்

உலகத்தில் எத்தனையோ வகைக் கோபக்காரர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டால் கோபப்படுகிறவர், மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் அதற்கும் சேர்த்துக் கோபப்படுகிறவர், டீயில் சர்க்கரை குறைந்தால் நாடே குட்டிச்சுவராகிவிட்டது என்கிறவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அவர்களையெல்லாம் இன்றைக்கு விட்டுவிடுவோம். நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறவர் தனி இனம். டி.வி.யிடம் நியாயம் கேட்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். சாயங்காலச் செய்தி ஆரம்பித்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துக் காதைக் கொடுத்துப் பாருங்கள். "யோவ், யாருகிட்ட கதை விடற?" என்று ஒரு குரல் கேட்டு, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால், அவரேதான்.

டீக்கடையில் அரசியல் பேசுகிறவரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கேட்க நாலு பேர் வேண்டும். இவருக்கு யாரும் வேண்டாம். மின்சாரம் இருந்தால் போதும். தலைப்புச் செய்தியின்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார், மந்திரி ரிப்பன் வெட்டும்போது எழுந்து நிற்பார், மந்திரி வாயைத் திறந்து "மக்கள் நலனே" என்று ஆரம்பிக்கும்போது டி.வி.க்கு முகத்துக்கு முகம் போய் நின்றுகொண்டு, பின்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்குத் தன் முதுகைத் தவிர வேறு எந்தச் செய்தியும் தெரியாமல் செய்துவிடுவார். கையில் ரிமோட் இருக்கும். சேனல் மாற்றுவதற்கா? விரலுக்குப் பதிலாக நீட்டுவதற்கு. நீட்டி நீட்டி, அதன் பின்மூடி எப்போதோ தெறித்துப் போய், இப்போது கறுப்பு டேப் சுற்றித்தான் உயிர் வாழ்கிறது.

எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் டி.வி.யை அணைக்க மாட்டார். அணைத்தால் எதிராளி தப்பித்துவிடுவானே! விளம்பரம் வந்தால் மட்டும் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். செய்தி வாசிக்கிற பெண்மேல் அவருக்குக் கோபம் கிடையாது, அவள் நடுவர். "நீயே சொல்லும்மா, இது அடுக்குமா?" என்பார். அவள் வானிலை சொல்லப் போய்விடுவாள்.

அவருக்கென்று சில வசனங்கள் உண்டு. "கேக்கறதுக்கு ஆளில்லாமப் போச்சு" என்பது ஒன்று. "எங்கிட்ட ஒரு தடவ நேர்ல மாட்டட்டும்" என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சிகரமாக, "நான் மட்டும் அங்க இருந்திருந்தா..." என்பது. இந்த வாக்கியத்தை அவர் முடித்து இதுவரை யாரும் கேட்டதில்லை. அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள நானும் எத்தனையோ நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் விளையாட்டுச் செய்தி வந்துவிடும்.

நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? அப்படி ஒருவர் எனக்கு நேர் மேல்வீட்டில்தான் குடியிருக்கிறார். என் வீட்டில் டி.வி. கிடையாது. வாங்குகிற உத்தேசமும் இல்லை. மேலேயிருந்து செய்தியும் வந்துவிடுகிறது, அதற்குச் சுடச்சுட மறுப்பும் வந்துவிடுகிறது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

பஸ் டெப்போவில் அவர் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவருக்கு வைத்திருக்கிற பெயர் எதிர்க்கட்சி. அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். அவருடைய மனைவி துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். எனக்குத் தங்கச்சி முறை என்று அவளாகவே வைத்துக்கொண்டு "அண்ணா" என்று கூப்பிடுவாள். ஒரே பையன். பட்டாளத்தில் சேர்ந்தான். எல்லையில் கண்ணிவெடியை மிதித்தான். மெடலோடு திரும்பி வந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் நான் கேலி செய்யப் போவதில்லை. அந்தப் பையனுக்கு அரசாங்கம் ஒரு செயற்கைக் கால் கொடுத்தது. கொடுத்தபோது மேளதாளம் ஒன்றுதான் பாக்கி, மற்றபடி போட்டோ எல்லாம் எடுத்தார்கள். அந்தக் காலின் மேல்முனையில் கிண்ணம் மாதிரி ஒரு பகுதி. மிச்சமிருக்கிற கால் அதற்குள் சிக்கென்று உட்கார வேண்டும். ஆனால் மிச்சக் கால் நாளாக நாளாக மெலியுமாம். மெலிந்தால் கிண்ணம் தொளதொளவென்று ஆகிவிடும், புதிதாக அளவெடுத்து வேறு கிண்ணம் செய்ய வேண்டும். அந்த அளவு எடுக்கத்தான் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் போய்ப் போய் அந்தக் குடும்பத்தின் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பையனுடைய செருப்பு ஒன்றுதான் தேய்ந்தது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அதுவரைக்கும் என்ன செய்வான்? அப்பாவின் பழைய சாக்ஸை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அதற்குமேல் அந்தக் காலை மாட்டுவான். ஒருநாள் நான் மேலே போயிருந்தபோது அவன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "வலிக்குதாடா?" என்றாள் அம்மா. "அது பரவால்லம்மா. இல்லாத கால்தான் ரொம்ப வலிக்குது" என்றான். காப்பிக்குக்கூட நிற்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

இதில் இன்னொரு அவசரமும் இருந்தது. டெப்போவின் உதிரிபாக ஸ்டோரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. மேனேஜர் நல்ல மனிதர். "உங்க பையனுக்கே வச்சிருக்கேன். ஆனா நாள்பூரா நின்னு எடுத்துக் குடுக்கற வேலை. நடந்து வரட்டும், அன்னிக்கே சேத்துக்கறேன். ரொம்ப நாள் என்னால காலியா வச்சிருக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். ஆக, கிண்ணம் வந்தால் கால். கால் வந்தால் வேலை. கிண்ணம் வரவில்லை என்றால், மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இப்போது சொல்லுங்கள், ஓர் அப்பாவுக்குக் கோபம் வருமா, வராதா? வரும். வர வேண்டும். எதிர்க்கட்சி கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. "சிலை வைக்கக் காசிருக்கு, காலு வைக்கக் காசில்லையா?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது நானே கீழேயிருந்து கைதட்டினேன். எந்த மன்றத்தில் கேட்டாலும் மந்திரிசபை ஆடிப் போயிருக்கும். அவர் கேட்ட மன்றத்தில் ஆடியது, டி.வி.மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பூ மட்டும்தான்.

சரி, இதே மனிதர் அந்த மருத்துவமனைக்குப் போனால் எப்படி இருப்பார்? துணைக்கு நானும் சில தடவை போயிருக்கிறேன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். விசேஷத்துக்கென்று மடித்து வைத்திருக்கிற சட்டையைப் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். வாசலில் காவலாளியைப் பார்த்ததும் கடித்த பல் விட்டுப்போகும். கவுன்டருக்கு முன்னால் போய் நின்றதும் குரல் இறங்கி, தோள் இறங்கி, ஆளே பாதியாகிவிடுவார்.

"சார், தம்பிக்குக் கால் அளவெடுக்கணும்னு வரச்சொல்லியிருந்தீங்க..."

"அளவெடுக்கறவர் இல்ல" என்பார் கவுன்டர்காரர், நிமிர்ந்து பார்க்காமல்.

"ஐயோ, உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

"ட்ரெயினிங் போயிருக்கார்."

"போகட்டும் சார், போகட்டும். நாலு விஷயம் கத்துக்கறது நல்லதுதானே. நாங்க எப்ப வரட்டும்?"

"அடுத்த மாசம் பாருங்க."

"கண்டிப்பா சார். உங்களுக்குத்தான் தொந்தரவு குடுத்துட்டோம்."

அடுத்த மாதம் போனால் கால் அச்செடுக்க மாவுக்கட்டு போடுகிற பவுடர் வரவில்லை என்பார்கள். "இந்தக் காலத்துல எதுதான் சார் நேரத்துக்கு வருது" என்று இவரே தேற்றுவார். அதற்கு அடுத்த மாதம் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்பார்கள். "அதுவும் மிஷின்தானே சார், பாவம்" என்பார். பையனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய மருத்துவமனைக்கு இவர் ஆறுதல் சொல்லிவிட்டு வருவார். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் தொண்டையைக் கனைப்பார். எங்கள் தெருமுனை வந்ததும் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். மாடிப்படியில் குரல் ஏறும். வீட்டுக்குள் போய் டி.வி.யைப் போட்டதும் மடை திறந்த மாதிரி! "என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? எம் பையன் காலு என்ன கிள்ளுக்கீரையா?"

"திட்டறதுக்கு விடற மூச்சுல பாதிய அந்தக் கவுன்டர்ல விட்டிருந்தா இந்நேரம் காலு வந்திருக்கும்" என்பாள் தங்கச்சி, வீங்கின பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டே.

"அவன்கிட்ட பேசி என்ன ஆகும்? அவன் சாதாரண ஆளு. கேக்கவேண்டிய இடத்துல கேக்கணும்."

"கேக்கவேண்டிய இடம் நம்ம ஹாலா?"

பையன் இதில் தலையிட மாட்டான். ஒரே ஒரு தடவை சொன்னான்: "அப்பா, டி.வி.ல வர்றவர் எவ்ளோ பெரிய ஆளு. அவர நீ வா போங்கறீங்க. கவுன்டர்ல இருக்கறவர் உங்கள மாதிரி மாசச் சம்பளக்காரர். அவர சார் சார்ங்கறீங்க. எனக்குக் கணக்கே புரியல." எதிர்க்கட்சி ரிமோட்டை எடுத்தார். சேனலை மாற்றினார். அங்கேயும் மந்திரி இருந்தார்.

அப்புறம் அந்த நாள் வந்தது.

எங்கள் தெருமுனையில் போர்வீரர் நினைவுத் தூண் ஒன்று எழுப்பினார்கள். திறந்து வைக்க மந்திரி வருகிறார் என்று செய்தி. வீரர்கள் நலம் என்ற இலாகாவே அவருடைய கையில்தான் இருக்கிறது. பல வருஷமாகப் பல்லிளித்துக் கிடந்த ரோடு ஒரே நாளில் வழுவழுவென்று ஆனது. விழாக் குழுவினர் மேலே வந்து, பையனை மெடலோடு முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். பேன்ட்டைக் கொஞ்சம் மடித்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார்கள்.

"மூணு மாடி இறங்கணும் சார். காலு குடுங்க, வர்றேன்" என்றான் பையன்.

அவர்கள் ஒரு பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எதிர்க்கட்சிக்கு வந்தது பாருங்கள் ஓர் உற்சாகம்! மாட்டிக்கொண்டான், நேரில் மாட்டிக்கொண்டான் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டி.வி. முன்னால் ஒத்திகை நடந்தது. முதலில் வணக்கம் வைப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம் வைத்துக்கொண்டு, வைத்தால் இளக்காரமாகிவிடும் என்று தானே முடிவுசெய்து, கேள்வியை நறுக்கென்று ஆக்கி, கடைசியில் ஒரே மூச்சில் சொல்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்: "எம் பையனுக்குக் குடுத்த காலு பொருந்தல. எப்ப மாத்தித் தருவீங்க?" அவ்வளவுதான். இதைவிடச் சின்னதாக ஒரு நாட்டை ஒரு தகப்பன் என்ன கேட்டுவிட முடியும்? கீழே கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

விழாவன்று அவர் கேள்வியோடு போனார். கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டார்கள். மந்திரி பேசினார், தூணைத் திறந்தார், பூவைத் தூவினார், கிளம்பினார். கார் ஊர்ந்து எங்கள் கட்டட வாசலுக்கு வந்தது. வந்து, நின்றுவிட்டது.

டிரைவர் சாவியைத் திருப்பினார். டக். மறுபடியும் திருப்பினார். டக். ஏ.சி. நின்றுபோய், கறுப்புக் கண்ணாடி இறங்கியது. உள்ளே மந்திரி. வேர்த்து வடிந்துகொண்டிருக்கிற மந்திரி. வேறு வண்டி வரவழைக்கலாம் என்றால், வேறு வண்டி எதுவும் வரக்கூடாது என்று இவர்களே தெருவின் இரண்டு முனையிலும் தடுப்புப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். உதவியாளர் போனில் கத்திக்கொண்டிருக்கிறார். கேமராக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். திறந்த ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நிற்பது யார்? எதிர்க்கட்சி!

ஐயா, இப்படி ஒரு சந்தர்ப்பம் நிஜமான எதிர்க்கட்சிக்குக்கூட வாய்த்திருக்காது. மந்திரி ஓட முடியாது. மழுப்பிவிட்டுப் போக வண்டி நகராது. கட்டடமே பால்கனியில் நின்றது. "கேளுய்யா!" என்று நான் அவருடைய முதுகில் தட்டினேன். அவர் முன்னால் போனார். ஜன்னலை நெருங்கினார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் மறுபடியும் சாவியைத் திருப்பினார். டக்.

எதிர்க்கட்சியின் தலை அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. "பேட்டரி முனை லூசு" என்றார், யாரிடமும் இல்லாமல். கால்கள் தாமாகவே பானட் பக்கம் நடந்தன.

"ஏங்க!" மூன்றாம் மாடியிலிருந்து தங்கச்சியின் குரல் தெருவைக் கிழித்தது. "சரி பண்ணாதீங்க! முதல்ல கேளுங்க! கேட்டுட்டு அப்புறம் சரி பண்ணுங்க!"

"இரு, ஒரு நிமிஷம்" என்றார் இவர், தலையை பானட்டுக்குள் விட்டபடியே.

அவரைக் குறை சொல்லாதீர்கள். வாழ்நாள் முழுவதும், நின்றுபோன வண்டியை ஓடவைத்தே சாப்பிட்ட மனிதர். நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. அழுகிற குழந்தையைத் தாய் தூக்குவதற்கு முன்னால் யோசிப்பாளா? உள்ளே எதையோ சுரண்டினார், எதையோ முறுக்கினார், "இப்பப் போடுங்க" என்றார். என்ஜின் உறுமியது. தெருவே கைதட்டியது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த பானட்டை அவர் தலையிலேயே சாத்தியிருப்பேன்.

மந்திரிக்கு ஒரே சந்தோஷம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். இவர் தன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, விசேஷச் சட்டையில், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி. உங்களுக்கு ஏதாவது வேணுமா? தயங்காமக் கேளுங்க" என்றார் மந்திரி.

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். மந்திரியே கேட்டார். கேமரா முன்னால் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம் சார்" என்றார் எதிர்க்கட்சி. "பேட்டரிய மட்டும் மாத்திடச் சொல்லுங்க. வழியில நின்னுடப் போகுது."

கார் போய்விட்டது. மனிதர் பூரித்துப் போய் மாடியேறினார். நானும் பின்னாலேயே போனேன், என்ன நடக்கப்போகிறதோ என்ற கவலையில்.

"கை குடுத்தாருடி" என்றார் வாசலிலேயே.

"நாம கேட்டது கால்" என்றாள் தங்கச்சி.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. பையன் பால்கனி நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், விழாக் குழு கொடுத்த பூங்கொத்திலிருந்து இதழ் இதழாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் செய்தி வந்தது, அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு டி.வி.யில் நானும் பார்த்தேன். மந்திரியிடம் நிருபர் ஒருவர் கேட்கிறார், முன்னாள் வீரர்களுக்குச் சரியான கவனிப்பு இல்லை என்கிறார்களே என்று. மந்திரி சிரிக்கிறார். "நானே இன்னிக்கு மக்கள்கிட்ட நேர்ல கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா?" உடனே படம் மாறுகிறது. விசேஷச் சட்டையில், நெற்றியில் கிரீஸோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய எதிர்க்கட்சி நிற்கிறார். "ஒண்ணும் வேணாம் சார்" என்கிறார்.

அடுத்த நொடி மேல்வீட்டிலிருந்து வந்தது ஒரு சத்தம். அத்தனை வருஷத்தில் எந்த மந்திரிக்கும் அப்படி ஒரு திட்டு கிடைத்ததில்லை.

"கேளுடா! வாயில என்ன கொழுக்கட்டையா? அவன்தான் கேக்கறானே, சொல்லித் தொலைடா! பையன் மேல நாற்காலியில உக்காந்திருக்கான்டா! பேட்டரியாம் பேட்டரி! யாருக்கு வேணும் பேட்டரி? நான் மட்டும் அங்க இருந்திருந்தா..."

அங்கே நின்றுபோனது. இந்தத் தடவை விளையாட்டுச் செய்தி குறுக்கே வரவில்லை.

மந்திரியின் கட்சிக்குச் சொந்தமாக ஒரு சேனல் உண்டு. அதற்கு இந்தக் காட்சி வெல்லம் மாதிரி கிடைத்துவிட்டது. காலை, மதியம், மாலை என்று மருந்து கொடுக்கிற மாதிரி "ஒண்ணும் வேணாம் சார்" போட்டுக்கொண்டே இருந்தார்கள். டெப்போவில் சகாக்கள் ஸ்பானரை நீட்டி, "ஏதாவது வேணுமா?" என்று கேட்டுத் துளைத்தெடுத்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. வேறு ஓர் ஆள் ஸ்டோர் வேலைக்குக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், வாரக் கடைசிவரைதான் பொறுக்க முடியும் என்றும் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் மறுபடியும் மருத்துவமனை முறை. தங்கச்சி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். நானும் போனேன். பையன் ஊன்றுகோல்களோடு வந்தான். பொருந்தாத காலைத் துணிப்பையில் போட்டு எதிர்க்கட்சி தூக்கிக்கொண்டு வந்தார். போன தடவைக்கு இந்தத் தடவை அங்கே ஒரு மாற்றம். காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று பெரிய டி.வி. ஒன்றை மாட்டியிருந்தார்கள். மாட்ட இடம் எங்கே கிடைத்தது என்றால், கவுன்டருக்கு நேர் மேலே. கால் வரவில்லை, பவுடர் வரவில்லை, டி.வி. வந்துவிட்டது. அதில் ஓடியது எந்தச் சேனல் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"சார், தம்பிக்குக் கால் அளவு..." என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தார்.

"அளவெடுக்கறவர் இல்ல. அடுத்த மாசம் பாருங்க" என்றார் கவுன்டர்காரர், நிமிராமல்.

"சரிங்க சா..." என்று இவர் சொல்லி முடிக்கவில்லை. தலைக்கு மேலே அவருடைய குரலே கேட்டது. "ஒண்ணும் வேணாம் சார்."

நிமிர்ந்தார். பெரிய டி.வி. அல்லவா, வீட்டில் பார்த்ததைவிடப் பல் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் மந்திரி. தோள் ஏறியது. குரல் ஏறியது. பையிலிருந்த காலை உருவி, ரிமோட்டை நீட்டுகிற மாதிரியே நீட்டினார்.

"யாருய்யா சொன்னா ஒண்ணும் வேணாம்னு? எம் பையனுக்குக் குடுத்த காலு பொருந்தல! எப்ப மாத்தித் தருவீங்க? சாக்ஸ் சாக்ஸா சுத்திக்கிட்டு எத்தன நாளு நடப்பான்? ரத்தம் வருதுய்யா! உங்களுக்காகத்தானேய்யா மிதிச்சான்! நிமிந்து பாருய்யா, எம் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லு!"

கவுன்டர்காரர் நிமிர்ந்தார். மூக்குக்கு நேரே ஒரு கால் நின்றது. மேலே டி.வி. இருப்பது அவருக்கு நினைவில்லை. தனக்கு மேலே இருப்பதை அவர் எப்படிப் பார்ப்பார்?

"சார்... சார், உக்காருங்க சார். நான் என்ன சார் பண்ணேன்?"

"பேசாத! நீ ரிப்பன் வெட்டினது போதும்!"

"நான் எங்க சார் வெட்டினேன்?"

அதற்குள் பின்னால் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுவிட்டார்கள். "சரியாக் கேக்கறார்" என்றார் ஒருவர். காது மெஷினுக்காக வந்திருந்த கிழவர் ஒருவர், "என்ன கேக்கறார்?" என்று விசாரித்து, விவரம் தெரிந்ததும் அத்தனை பேரையும்விட உரக்கக் கத்த ஆரம்பித்தார். தங்கச்சி புருஷனுக்குப் பக்கத்தில் போய், அவர் முகம் டி.வி.யை விட்டுத் திரும்பிவிடாதபடி, தோளில் லேசாகக் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சொன்னாள்: அண்ணா, விளம்பரம் வந்துடக் கூடாது.

வரவில்லை. கவுன்டருக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. ட்ரெயினிங் போனவர் கையில் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "யாருக்கு அளவெடுக்கணும்?" என்றார்.

அன்றைக்கே அளவெடுத்தார்கள். தங்கச்சி டெப்போவுக்கே நேரில் போய், அளவெடுத்தாகிவிட்டது என்று சொல்லி, மேனேஜரிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கி வந்தாள். கிண்ணம் வந்தது. பொருந்தியது. இப்போது தினம் காலையில் என் தலைக்கு மேலே ஒரு பூட்ஸும் ஒரு செயற்கைக் காலும் நடந்து, படியிறங்கி, டெப்போவுக்குப் போகின்றன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பே வருகிறது. அதைவிட நல்ல செய்தி எந்தச் சேனலிலும் வந்ததில்லை.

எதிர்க்கட்சி திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? திருந்துவதற்கு, என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? "கவுன்டர்ல கேட்டீங்களாமே?" என்று யாராவது விசாரித்தால், "அவர்கிட்ட நான் எதுக்குக் கத்தப்போறேன், நல்ல மனுஷன். சொன்னதும் எழுந்து ஓடினார்" என்கிறார். அப்புறம் சாயங்காலம் மேலே போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கறுப்பு டேப் சுற்றின ரிமோட்டை எடுத்துக்கொள்கிறார்.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை. தெரியும். நீங்கள் படித்தவர், டி.வி.யோடு பேச மாட்டீர்கள். பேப்பரைப் பார்த்து உச்சுக் கொட்டுவீர்கள், போனில் நாலு வரி காரசாரமாகத் தட்டிவிட்டு நாட்டுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று தூங்கப் போவீர்கள், இதோ இதைப் படித்துக்கொண்டே "கரெக்ட்டாச் சொன்னான்" என்று தலையாட்டினீர்களே, அந்த மாதிரி. ஆட்டுங்கள், தப்பில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டுக் காலோ, கண்ணோ, காதோ ஏதாவது ஒரு கவுன்டரில் மாட்டிக்கொண்டால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, அங்கே கவுன்டருக்கு மேல் டி.வி. மாட்டியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.